பாதியில் நிறுத்திய நொதித்தல்: மொஸ்காட்டோ தாஸ்தி

ஒயின் ரசிகர்கள் பலர், இனிப்பான ஒயின் என்றாலே அது புதிதாகக் குடிக்கத் தொடங்குபவர்களுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கப்படுவனவற்றுள் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் உருவாகும் மொஸ்காட்டோ தாஸ்தி. மென்மையாகக் குமிழியிடும் இந்த வெள்ளை ஒயினின் இனிப்பு முழுவதும் திராட்சையிலிருந்தே வருவது. அதைச் சரியான அளவில் மிச்சப்படுத்துவதற்குப் பின்னால் மிகுந்த கவனமும் கைத்திறனும் இருக்கின்றன.

ஆஸ்தி, கூனியோ, அலெஸாண்ட்ரியா ஆகிய மூன்று மாவட்டங்களின் சுண்ணாம்புச் சத்து மிகுந்த குன்றுச் சரிவுகளில் மொஸ்காட்டோ பியாங்கோ என்னும் சிறுமணித் திராட்சை விளைகிறது. பழத்தைப் பிழிந்து எடுத்த சாற்றை, உறைநிலையை ஒட்டிய குளிரில் நொதிக்கவிடாமல் வைத்திருந்து, தேவைப்படும்போது அழுத்தம் தாங்கும் மூடிய எஃகுத் தொட்டிக்கு மாற்றி நொதிக்கவைக்கிறார்கள். சாற்றிலுள்ள சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஆல்கஹால் 11 விழுக்காட்டையும் தாண்டும். ஆனால் 5 விழுக்காட்டை ஒட்டி வரும்போதே தொட்டியைக் கடுமையாகக் குளிர்வித்து, ஈஸ்ட்டை வடிகட்டி நீக்கி, நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். நொதித்தலில் பிறந்த கரியமில வாயுவின் ஒரு பகுதி ஒயினிலேயே கரைந்து தங்குகிறது. மூடிய தொட்டியில் குமிழிகளை உருவாக்கும் முறைக்கு 1895இல் காப்புரிமை பெற்ற ஃபெதெரிகோ மார்ட்டினோட்டி, இதே ஆஸ்தி நகரின் ஒயின் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. பின்னாளில் அம்முறையை மேம்படுத்திய பிரெஞ்சுக்காரரான ஷார்மாவின் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது.

கோப்பையில் ஊற்றியதும் மெல்லிய வெண்நுரை விளிம்பில் வளையமாகக் கூடி, சில நொடிகளில் அடங்கிவிடும். ஷாம்பெயினில் 5 அல்லது 6 பார் அழுத்தம் இருக்கும், இதற்கோ 2.5 பாருக்கு மேல் ஒயின் தயாரிப்பு விதிமுறை இடம் தருவதில்லை. அதனால்தான் கம்பி கட்டிய காளான் வடிவத் தக்கை இல்லாமல், சாதாரணத் தக்கையே இதற்குப் போதுமானதாக இருக்கிறது. முகர்ந்தவுடன் முதலில் எழுவது திராட்சையின் மணமேதான். இது சிறிய செய்தி அன்று, ஏனென்றால் பெரும்பாலான ஒயின்களில் வேறு பழங்களின் மணம் வருமே தவிர, திராட்சையின் மணம் வருவதில்லை. அதைத் தொடர்ந்து பீச், பிறகு ஆரஞ்சுப் பூ, கோப்பை சற்றே வெதுவெதுப்பானதும் சேஜ் இலையை நினைவூட்டும் ஒரு பசுமை வாசம். ஆரஞ்சுப் பூவுக்கு மணம் தரும் லினலூல் என்னும் சேர்மம் மொஸ்காட்டோ திராட்சையிலும் நிறைந்திருப்பதால், அந்த ஒற்றுமை வெறும் கற்பனையன்று.

வாயில் வைத்ததும் இனிப்பு முந்திக்கொள்கிறது. லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல் சர்க்கரை இருப்பது இவ்வகையில் வழக்கம். நான் கவனிப்பது அதற்கு அடுத்த நொடியை. நல்ல ஒயினாக இருந்தால், நாவின் இரு பக்கங்களிலும் புளிப்பு எழுந்து, குமிழிகளோடு சேர்ந்து இனிப்பைத் துடைத்துவிடும். விழுங்கிய பின் வாய் சுத்தமாக இருக்கும், மணம் மட்டும் மூக்கில் தங்கியிருக்கும். நாக்கில் பிசுபிசுப்பு நின்றால், அந்தப் புட்டி எவ்வளவு மணத்தாலும் என்னைக் கவர்வதில்லை.

இந்த மணம் நீண்ட காலம் தாங்காது. சேமித்து வைத்து முதிரவிடும் எண்ணத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, புட்டியில் அச்சிட்ட அறுவடை ஆண்டைப் பார்த்து, கிடைப்பதில் இளையதை வாங்குவதே நல்லது. 8 முதல் 10 டிகிரி வரையிலான குளிர்ச்சி போதும். அதற்கும் கீழே போனால் மணம் ஒடுங்கிவிடுகிறது. குறுகிய நீள் கோப்பையைவிட, வெள்ளை ஒயினுக்கான சற்றே அகன்ற கோப்பையையே நான் விரும்புகிறேன். பியட்மாண்ட் மக்கள் இதைத் தங்கள் ஊர் ஹேசல்நட் கேக்கோடும், கிறிஸ்துமஸ் காலத்தில் பனெட்டோனே என்னும் இனிப்பு ரொட்டியோடும் அருந்துகிறார்கள். இரண்டுமே அளவான இனிப்புள்ளவை என்பதால் பொருத்தம் நன்றாக அமைகிறது. அடர்ந்த சாக்லேட்டோடு பரிமாறினால், பாவம், ஆரஞ்சுப் பூவும் பீச்சும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.