டிக்கெட்டில் அச்சிட்ட சொல்

பணம் திரட்ட நாங்கள் விற்கவிருந்த பிரியாணி டிக்கெட்டில் என்ன அச்சிடுவது என்பதைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் மிக நீண்ட வாக்குவாதம் நடந்தது. விலை 60 ராண்ட் என்பதிலும், அக்டோபர் மாத முதல் சனிக்கிழமை என்பதிலும், பொட்டலங்களை எடுத்துச் செல்லும் நேரம் 11 மணி முதல் 1 மணி வரை என்பதிலும் யாருக்கும் மறுப்பு இல்லை. 'நல்ல காரியத்துக்காக' என்று மட்டும் போட்டால் போதும் என்றார் பெரியம்மா. 'மருத்துவ உதவி நிதி' என்று போடலாம் என்றார் மாமா. மேசையோரத்தில் அமர்ந்து மசூர்ப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலே, "கேன்சர் என்றே போடுங்கள். எனக்கு வந்தது அதுதானே" என்றார்.

இதைச் சொன்னவர், தம் இடது மார்பில் கட்டி இருப்பதை ஏழு மாதங்கள் எவரிடமும் சொல்லாமல் மறைத்தவர் என்பதை நான் இங்கே எழுதியாக வேண்டும். எழுதச் சொன்னவரும் அவரே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு துணித் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து உழைத்த அம்மாவுக்கு, வலி என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அந்தக் கட்டி வலிக்கவில்லை. வலிக்காதது ஆபத்தானதாக இருக்காது என்று அவர் நம்பினார். மார்பகப் புற்றுநோய்க் கட்டிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை மருத்துவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். ஆனால் அறியாமை ஒரு பாதிதான். மறு பாதி வெட்கம். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் இந்நோய்க்குப் பெயரே கிடையாது, 'அந்தச் சீக்கு' என்றுதான் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பேரக்ஸில் வாழ்ந்து, 1960களில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த என் ஆயா, அதாவது பாட்டி, எதனால் இறந்தார் என்று கேட்டால், 'வயிற்று நோவு' என்பதுதான் இன்றுவரை குடும்பத்தில் கிடைக்கும் விடை. வீட்டில் மணமாகாத பெண்கள் இருந்தபோது அந்த மறைப்புக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். அம்மாவுக்கு அந்தக் காரணமும் இல்லை. பழக்கம் மட்டுமே இருந்தது.

அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடிந்தபின், கதிர்வீச்சுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவர் சொன்ன காலத்தைக் கடந்தும் அந்தக் காத்திருப்பு நீண்டது. எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தின் அரசுப் புற்றுநோய்ச் சிகிச்சை நோயாளிகளின் உரிமைகளை மீறும் அளவுக்குச் சீர்கெட்டிருக்கிறது என்று தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2017ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டிருந்தது. அதை அன்று செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு ஒருவழியாக நாள் குறிக்கப்பட்டு, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று வாரங்கள், 15 முறை அம்மாவை அழைத்துச் சென்றேன். கதிர்வீச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். காத்திருக்கும் கூடத்தில்தான் காலைப்பொழுது முழுவதும் கழியும்.

அந்தக் கூடத்தில் அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் நாள்தோறும் அமர்ந்த அம்மையார் கொக்ஸ்டாட்டிலிருந்து வந்திருந்தார். அவ்வூர் டர்பனிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அம்மா தொழிற்சாலையில் கற்ற ஜூலு மொழியில் அவரோடு பேசுவார். எங்களுக்கு அரை மணி நேரப் பயணம் என்றால், அவருக்கு ஒவ்வொரு வாரமும் எங்கே படுப்பது என்பதே கேள்வி. முதல் வாரம் தூரத்து உறவினர் வீட்டில் தங்கினார், இரண்டாவது வாரம் அங்கேயும் இடமில்லை. மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. வேறு மருத்துவமனைக்குப் போனாரா, சிகிச்சையையே விட்டுவிட்டாரா என்று விசாரிக்க எங்களிடம் அவருடைய தொலைபேசி எண்கூட இருக்கவில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே, "அவள் படுப்பதற்கு ஒரு கட்டில் இருந்திருந்தால் வந்திருப்பாள்" என்று அம்மா சொன்னார். பணம் திரட்டும் எண்ணம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

எனவே, யாருக்குக் கொடுப்பது என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. 1931ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கமாகிய கான்சா, தொலைவிலிருந்து வரும் நோயாளிகள் சிகிச்சைக் காலத்தில் தங்குவதற்கான இல்லங்களை நடத்துகிறது. அச்சங்கம் நடத்தும் ஷேவத்தான் நிகழ்ச்சியில் தலையை மழித்துக்கொண்டு பணம் திரட்டலாம் என்று என் தம்பி மகன் சொன்னபோது, அம்மா வேண்டாம் என்றார். மொட்டை என்பது நமக்குச் சாமிக்குச் செய்யும் வேண்டுதல், அதைத் தனக்காக ஒரு பிள்ளை செய்ய வேண்டாம் என்பது அவர் கருத்து. நான் உடன்படவில்லை, ஆயினும் வற்புறுத்தவில்லை. நன்கொடையாளர்கள் கேட்டால் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி வரிச்சலுகைக்கான ரசீது கிடைக்குமா என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்தோம். கடைக்காரர்களிடம் பணம் கேட்கப் போகிறவர்கள் இதை முதலில் செய்துவிடுவது நல்லது, ஏனெனில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அந்தச் சனிக்கிழமை புரட்டாசியில் வந்தது. ஆட்டிறைச்சி இல்லாத பிரியாணியை யார் வாங்குவார்கள் என்று மாமா கவலைப்பட்டார். ஆனால் புரட்டாசியில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கவிச்சியே கிடையாது, அதனால் காய்கறி பிரியாணிதான் விற்கும் என்று அம்மா கணக்குப் போட்டது சரியாயிற்று. கோயில் மண்டபத்தின் பின்புறம் அதிகாலை இரண்டு மணிக்கு விறகு மூட்டினோம். நான்கு பெரிய அண்டாக்கள், 50 கிலோ அரிசி, அதற்கேற்ற உருளைக்கிழங்கு, சோயா, முழு மசூர். வெங்காயம் பொன்னிறமாவதற்குள் எங்கள் எல்லோருடைய கண்களும் சிவந்துவிட்டன. அடுக்கடுக்காகப் பரப்பி, மூடியின்மேல் தணலை அள்ளி வைத்துவிட்டு, அம்மாவின் பழைய தொழிற்சாலைத் தோழியர் ஐவர் பருப்புக் குழம்பையும் தயிரையும் சிறு கிண்ணங்களில் நிரப்பினார்கள். தையல் வேலை செய்த கைகள் என்பதாலோ என்னவோ, 400 பொட்டலங்களை அவர்கள் கட்டி அடுக்கிய வேகத்தை நான் மறக்க மாட்டேன்.

டிக்கெட் விற்பனையில் 24,000 ராண்ட் வந்தது. செலவு 9,350. மீதி 14,650 ராண்டோடு, உண்டியலில் தனியாக விழுந்த 2,180 ராண்டையும் சேர்த்து 16,830 ராண்டை மறுவாரம் வங்கி வழியாகச் செலுத்தினோம். கணக்குத் தாளைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

நான் எதிர்பார்க்காதது வேறொன்று. பொட்டலம் வாங்க வந்த பெண்களில் மூவர், டிக்கெட்டில் இருந்த அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டி, இது யாருக்கு வந்தது என்று கேட்டார்கள். "எனக்குத்தான்" என்று அம்மா உடனே சொன்னார். மூவரையும் வெவ்வேறு நேரத்தில் மண்டபத்தின் உள்ளறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். வரிசை நீண்டுகொண்டே போயிற்று, நான் அவரைக் கூப்பிடவில்லை.

மூவரில் ஒருவர் கிளினிக்குக்குப் போய்ச் சோதித்துக்கொண்டார். அது வெறும் நீர்க்கட்டி. இன்னொருவருக்கு அடுத்த மாதம் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாமவர் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அவருக்குத் தொலைபேசியில் பேசுகிறார்.