ஃபெரி கட்டடம் முதல் மிஷன் தெரு வரை

சான் பிரான்சிஸ்கோவின் ஃபெரி கட்டடத்தில் இன்று காப்பிக் கடைகளும் தின்பண்ட அங்காடிகளும் நிறைந்திருக்கின்றன. விடிந்ததுமே நான் அங்குச் சென்றது, 1934க்கு முன் அதே வேளையில் வேலைக்காகக் காத்து நின்ற துறைமுகத் தொழிலாளர்களை நினைத்துத்தான். ஆள் எடுக்கும் மேஸ்திரி கூட்டத்தைப் பார்த்து வேண்டியவர்களைக் கைகாட்டி அழைப்பார். கையூட்டு கொடுத்தவருக்கு வேலை உண்டு. சங்கம் என்று வாய் திறந்தவருக்கு மறுநாள் இல்லை.

எதிரேயுள்ள சதுக்கம் ஹாரி பிரிட்ஜஸின் பெயரைத் தாங்குகிறது. மெல்போர்னில் பிறந்து, மாலுமியாக வந்து, இங்கே சுமை தூக்கியவர் அவர். 1934 மே 9 அன்று மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது தலைவராக உயர்ந்தார். கூலி உயர்வும் கேட்டார்கள். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பறிப்பதே உயிர்நாடியான கோரிக்கை.

சில நிமிட நடையில் மிஷன் தெருவும் ஸ்டூவர்ட் தெருவும் சந்திக்கும் முனை வருகிறது. ஜூலை 5 அன்று இங்கே காவல்துறை சுட்டதில் துறைமுகத் தொழிலாளி ஹோவர்ட் ஸ்பெர்ரியும், வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சமைத்துப் போட்ட கம்யூனிஸ்ட் நிக் போர்டாய்ஸும் இறந்தார்கள். ஜூலை 16 முதல் நான்கு நாள் நகரமே வேலையை நிறுத்தியது.

அருகிலுள்ள ரின்கான் சென்டர் முன்பு அஞ்சல் நிலையமாக இருந்தது. அதன் சுவரில் அன்டன் ரெஃப்ரெஜியர் தீட்டிய ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். இடப்பக்கம் கையூட்டு கேட்கும் ஆள். நடுவில் தொழிலாளர்களிடம் பேசும் தலைவர். வலப்பக்கம் இறந்த இருவருக்கான துக்கம். 1953இல் இந்த ஓவியங்களை அகற்றச் சொல்லி நாடாளுமன்றத்தில் தீர்மானமே கொண்டுவந்தார்கள்; அது நிறைவேறவில்லை.

பிரிட்ஜஸைக் கம்யூனிஸ்ட் என்று கூறி நாடு கடத்த அரசு பல ஆண்டுகள் முயன்றது. 1945இல் உச்ச நீதிமன்றம் நாடு கடத்தும் ஆணையை ரத்து செய்தது. 1950இல் சிஐஓ என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு, அவர் தலைமை தாங்கிய துறைமுகத் தொழிலாளர் சங்கத்தை வெளியேற்றியது. அப்படியிருந்தும், 1977இல் ஓய்வு பெறும் வரை உறுப்பினர்கள் அவரையே தலைவராக வைத்திருந்தார்கள். காரணம் கொள்கைப் பேச்சு மட்டும் அன்று என்பது என் உறுதியான எண்ணம். வேலைநிறுத்தத்துக்குப் பின் அமைந்த பணி ஒதுக்கீட்டுக் கூடத்தில், சங்கம் தேர்ந்தெடுத்தவரே வேலையைப் பங்கிட்டார். குறைவான மணி நேரம் உழைத்தவருக்கு முதல் அழைப்பு என்ற முறை வந்தது. மேஸ்திரியின் கண்ணில் பட வேண்டும் என்று விடியற்காலையில் முண்டியடித்த மனிதருக்கு, தம் முறை வரும் என்று அமர்ந்திருக்க ஓர் இருக்கை கிடைத்தது.