ஜாகா அண்ணனுக்கு விழுந்த கைத்தட்டல்

இன்று காலை பினாங்கில், என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் சபைக்கூடலில், பள்ளிக் காவலாளியான ஜாகா அண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். அவர் முதலில் நம்பவே இல்லை. வாசல் கதவைப் பூட்டிவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் மேடை என்றால் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ எடுத்த பிள்ளைகளுக்குத்தான். அவர்கள் உழைப்பும் பெரிதுதான், சரி. ஆனால் மழை நாளில் ஒரே குடையை வைத்துக்கொண்டு, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வேன் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறவரை யார் அழைத்தார்கள்? பிள்ளைகள் நனையாமல் போவார்கள். இவருடைய வலது தோள் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும்.

அப்புறம் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனை அழைத்தார்கள். புதிதாகச் சேர்ந்து, யாரோடும் பேசாமல் இருந்த பையனுக்குத் தினமும் ஓய்வு நேரத்தில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தானாம். அந்தப் புதுப் பையன்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த யோசனையைச் சொன்ன ஆசிரியைக்கு மனமார்ந்த நன்றி. அடுத்த வாரம் கேண்டீன் அக்காவை அழைக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.