குடலில் மறிப்பது: உடம்பில் தங்கும் ரசாயனங்களும் நார்ச்சத்தும்

மூன்றே நாளில் உடம்பைக் கழுவிவிடும் என்று பழச்சாற்றை மட்டும் குடித்து வயிற்றைக் காயப்போடுவது, பலன் தராதது மட்டுமல்ல, நேர் எதிரான வேலை. பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி, குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின், பூச்சிக்கொல்லியான டிடிடி எல்லாம் கொழுப்பில் கரைந்து கொழுப்போடு தங்குபவை. பட்டினி கிடந்தால் கொழுப்பு கரையும், அதில் பதுங்கியிருந்தது ரத்தத்துக்கு வரும். வேகமாக எடை குறைப்பவர்களின் ரத்தத்தில் இவற்றின் அளவு ஏறுவதை ஆய்வாளர்கள் பலமுறை அளந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, பிழிந்த சாற்றில் நார் போய்விடுகிறது. வெளியே வந்ததைக் குடலில் பிடித்து வைக்க ஒன்றுமே மிச்சமில்லை.

ரசாயனங்கள் இரண்டு வகை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே சொன்னவை கொழுப்பில் தங்குபவை. ஒட்டாத பாத்திரப் பூச்சு, எண்ணெய் ஒட்டாத உணவுப் பொதி, தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்பட்டு வந்த பிஎஃப்ஏஎஸ் வகை வேறு. இவை ரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், கல்லீரலிலும் சேரும். இந்த வகையில் ஒன்றான பிஎஃப்ஓஎஸ், உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 3 முதல் 5 ஆண்டு பிடிக்கிறது.

அது ஏன் இவ்வளவு காலம்? கல்லீரல் இதைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளத்தான் செய்கிறது. ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, பித்த அமிலங்களை உறிஞ்சித் திருப்பி அனுப்பும்போது இதையும் பெரும்பாலும் சேர்த்தே அனுப்பிவிடுகிறது. வாசல் வரை போய்த் திரும்பி வரும் சுற்று இது. அந்தச் சுற்றைக் குடலில் வைத்து மறிப்பதுதான் உணவால் செய்யக்கூடிய காரியம்.

மறித்தால் குறையும் என்பதற்கு வலுவான சான்று ஒரு மருந்திலிருந்து கிடைத்தது. பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமைன், பழைய கொழுப்புக் குறைப்பு மருந்து. டென்மார்க்கின் கோர்சோர் ஊரில், மாசுபட்ட புல்வெளியில் மேய்ந்த மாட்டின் இறைச்சியைச் சாப்பிட்டு ரத்தத்தில் பிஎஃப்ஓஎஸ் அளவு ஏறியிருந்தவர்களுக்கு இதை 4 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, 12 வாரம் கொடுத்தார்கள். பிஎஃப்ஓஎஸ் சுமார் 60 சதவீதம் இறங்கியது. ஆனால் இதை மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. மலச்சிக்கல் வரும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் மற்ற மருந்துகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும்.

சமையலறையில் இதே வேலையை மெதுவாகச் செய்வது ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கொழகொழப்பான நார். கொலஸ்டிராலுக்காக நடந்த ஒரு சிறிய ஆய்வின் ரத்த மாதிரிகளை மறுபடி அளந்தபோது, சாப்பாட்டுக்கு முன் 1 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, நான்கு வாரம் எடுத்தவர்களிடம் பிஎஃப்ஓஎஸ், அதே வகையைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ இரண்டும் சுமார் 8 சதவீதம் குறைந்திருந்தன. ஆய்வு சிறியது, ஆண்களை மட்டும் வைத்து நடந்தது. ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன். என்றாலும் செய்து பார்க்கத் தகுந்தது.

அளவு இப்படி: உலர்ந்த ஓட்ஸ் 25 கிராமில் ஏறக்குறைய 1 கிராம் பீட்டா குளுக்கன் உண்டு. மூன்று வேளைக்கு 75 கிராம். ஒரே வேளையில் மொத்தமாகச் சாப்பிடுவதைவிடப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் கொட்டுகிறது, அந்த நேரத்தில் நார் குடலில் இருக்க வேண்டும். பக்குவத்தைக் கரண்டியை வைத்தே பார்க்கலாம். கரண்டியைத் தூக்கினால் கஞ்சி பட்டென்று சொட்டாமல், சற்றே இழுத்துக்கொண்டு கெட்டியாக வழிய வேண்டும். அந்தக் கொழகொழப்புதான் பித்தநீரைச் சூழ்ந்து பிடிக்கிறது.

பலர் சறுக்குவது தொடக்கத்தில்தான். நார் பழகாத வயிற்றில் முதல் நாளே 75 கிராமையும் இறக்கினால் வாயு, உப்புசம், வலி. முதல் வாரம் ஒரு வேளை, அடுத்த வாரம் இரண்டு என்று ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். ஓட்ஸுக்குப் பதில் இசப்கோல் எடுப்பவர்கள் ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், உலர்வாக விழுங்கினால் தொண்டையில் ஊதி அடைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் நாருக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கொழுப்பில் தங்குபவற்றுக்கு இந்த வழி அவ்வளவு எளிதாகப் பலிப்பதில்லை. அவை பெரும்பாலும் குடல் சுவர் வழியாகக் கசிந்து, மலத்தில் உள்ள கொழுப்பில் சேர்ந்தே வெளியேறுகின்றன. 1990களின் இறுதியில் வியன்னாவில் கடுமையாக டையாக்சின் நஞ்சேறிய இரண்டு பெண்களுக்கு, செரிக்காத செயற்கைக் கொழுப்பான ஒலெஸ்ட்ராவைக் கொடுத்தபோது மலத்தில் போகும் அளவு 8 முதல் 10 மடங்கு கூடியது. அது அவசரச் சிகிச்சை, அன்றாடச் சாப்பாடு அல்ல. மற்றவர்களுக்கு உள்ளே வருவதை நிறுத்துவதுதான் பெரிய வேலை. மனிதருக்கு வந்து சேரும் டையாக்சினில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியே, அதிலும் பெரும்பகுதி இறைச்சி, பால், மீன் வழியே வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொழுப்பு மீன் சமைக்கும்போது தோலை உரித்து, வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் வெட்டி எறியுங்கள். வாட்டும்போது வடியும் கொழுப்பைக் குழம்பில் சேர்க்காதீர்கள். எடை குறைக்க வேண்டுமென்றால் வாரம் அரை கிலோ போதும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் கடும் டயட் வேண்டாம். பாலில் இவை கலந்துவிடுமே என்ற பயத்தால் பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மீனைச் சுத்தம் செய்யும் இந்த உத்தி பிஎஃப்ஏஎஸ்ஸிடம் செல்லாது, அது சதையிலேயே இருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாக ஆவியாக மிச்சத் தண்ணீரில் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ அல்லது கரித்தூள் வடிகட்டி வேலை செய்யும், ஆனால் காலம் கடந்த கரித்தூள், பிடித்து வைத்ததையே திரும்ப விடத் தொடங்கலாம்.

ரத்தப் பரிசோதனை செய்வதாக இருந்தால் நாரைத் தொடங்குமுன் ஒன்று, ஆறு மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் இன்னொன்று. பிசிபிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ரத்தக் கொழுப்பின் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற கணக்கிலேயே முடிவைக் கேட்டு வாங்குங்கள். சாப்பிட்டவுடன் ரத்தத்தில் கொழுப்பு ஏறும், மில்லிலிட்டர் கணக்கில் பார்த்தால் பிசிபியும் கூடியதுபோல் தெரியும்.