புழங்குவதற்கு ஒரு வீடு

மார்ச் 4

இந்த மாதம் முழுக்க ஃபாஸ்டன் குருமனையைப் பற்றித்தான், அதாவது அந்த ஊர்த் தேவாலயத்தின் குருவானவருக்கான வீட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கட்டடச் செலவு மதிப்பிடுவது என் தொழில். இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்துகொண்டு பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் இந்த வீட்டை விட்டுவிட மனமில்லை.

லண்டனில் பிரசங்கத்துக்கும் நகைச்சுவைக்கும் பேர்போன சிட்னி ஸ்மித்துக்கு 1806இல் ஃபாஸ்டன் சபையின் குருவானவர் பதவி கிடைத்தது. வருமானம் ஆண்டுக்குச் சுமார் 500 பவுண்டு. பணம் அங்கிருந்து வரும், நாம் லண்டனிலேயே இருந்துவிடலாம் என்பதுதான் அவர் கணக்கு. அக்காலத்துக் குருமார் பலரின் கணக்கும் அதுவே. ஆனால் 1803ஆம் ஆண்டுச் சட்டம் குருவானவர் தம் சபையிலேயே குடியிருக்க வேண்டும் என்றது. யார்க்கின் புதிய பிரதமப் பேராயர் அதைக் கறாராகப் பிடித்துக்கொண்டார். குடியிருக்க அங்கே என்ன இருந்தது? செங்கல் பாவிய ஒரு சமையலறை, அதன் மேலே ஓர் அறை. நூற்றைம்பது ஆண்டுகளாக எந்தக் குருவும் தங்காத இடம்.

மார்ச் 7

வீடு கட்டிய கதையை ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். மகள் எழுதிய வரலாற்றில் அது இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடத்தோடு வந்தார். அதன்படி கட்டினால் கோவணமும் மிஞ்சாது. "நீங்கள் புகழுக்குக் கட்டுகிறீர்கள், நான் புழங்குவதற்குக் கட்டுகிறேன்" என்று சொல்லி, 25 பவுண்டு கூலியும் கொடுத்து அனுப்பிவைத்தார். பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து சில மணி நேரத்தில் தாங்களே வரைந்துவிட்டார்கள்.

அடுத்து செங்கல். சொந்த நிலத்துக் களிமண் இருக்கிறதே, நீங்களே சுட்டுக்கொள்ளுங்கள் என்று யாரோ யோசனை சொன்னார்கள். சூளையைப் பிரித்தபோது ஒன்றும் தேறவில்லை. களிமண் இருந்தால் செங்கல் வந்துவிடும் என்று நம்புகிறவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். மணல் குறைந்தால் காயும்போதே வெடிக்கும். சூடு சீராக ஏறாவிட்டால் ஒரு வரிசை வேகாது, இன்னொரு வரிசை உருகி ஒட்டிக்கொள்ளும். ஸ்மித் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. குதிரை ஏறிப் போய் ஒரே நாளில் செங்கல்லும் மரமும் விலைக்கு வாங்கினார்.

பாரம் இழுக்க எருது வாங்குங்கள் என்றார்கள் அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள். நான்கு வாங்கினார். இரண்டு மயங்கி விழுந்தன, இரண்டு சேற்றில் படுத்துக்கொண்டன. கனவான்களை விட்டு உழவரிடம் யோசனை கேட்ட பிறகுதான் குதிரைகள் வந்தன, வேலை நகர்ந்தது.

அந்தக் குளிர்காலம் லேசுப்பட்டதல்ல. 1814 பிப்ரவரியில் லண்டனில் தேம்ஸ் உறைந்து, பனிக்கட்டியின் மேல் சந்தை கூடியது. அதற்குப் பிறகு அங்கே அப்படி ஒரு சந்தை கூடியதே இல்லை. ஃபாஸ்டனில் உறைபனியால் ஆறு வாரம் வேலை நின்றது. சுண்ணாம்புக் காரை காற்றை உள்வாங்கித்தான் இறுக வேண்டும். உறைபனி அதற்குப் பரம எதிரி. சுவரில் ஈரம் வழிய வழிய, கைக்குழந்தையோடு, மார்ச் 20 அன்று குடியேறிவிட்டார். கடைசி வண்டி சமையல்காரியோடும் பூனையோடும் சேற்றில் சிக்கிக்கொள்ள, நள்ளிரவில் லாந்தர் பிடித்துப் போய் மீட்டுவந்தார். அடிக்கல் நாட்டி ஒன்பது மாதம். இன்றைக்கு அனுமதி வாங்கவே அவ்வளவு ஆகிறது.

மார்ச் 12

நேரில் போனேன். வீடு இப்போது தனியார் வசம். மரங்களின் இடைவெளியில் செங்கல் சுவரும் புகைபோக்கியும் கொஞ்சம் தெரிந்தன, அவ்வளவுதான். அழைப்பு மணியை அழுத்தத் துணிவு வரவில்லை. ஃபாஸ்டன் தேவாலயத்தின் நார்மன் காலத்து வாசல் வளைவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 15

உள்ளே புகுந்து பார்க்க முடிந்தால் கணப்பு அடுப்புகளைத்தான் முதலில் தேடுவேன். வெளிக்காற்றைக் குழாய் வழியாக நெருப்பின் நடுவிலேயே கொண்டுவந்து விட்டிருந்தார் ஸ்மித். சாதாரணக் கணப்பு தனக்கு வேண்டிய காற்றை அறையிலிருந்தே உறிஞ்சும். உறிஞ்சிய இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே குளிர் புகும். முன்னால் முகம் சுடும், முதுகு விறைக்கும். குழாய் வைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். அக்கினிச் சூளையில் நின்ற சாத்ராக்கின் பெயரையே அவற்றுக்கு வைத்தாராம்.

அறைகலன்களின் கதையும் இப்படித்தான். உதவி கேட்டு வந்த ஏழைத் தச்சனிடம் ஒரு வண்டிப் பலகையைக் கொடுத்து, வீட்டுக்கு வேண்டியதைச் செய் என்று சொல்லிவிட்டார். ஊருக்கு மருத்துவரும் அவரே, நீதிபதியும் அவரே. வயலில் வேலை செய்கிறவர்களை வாசலில் நின்றபடியே தொலைநோக்கியால் பார்த்து, குரலைப் பெருக்கும் குழலால் கூப்பிட்டு ஏவினார். வெறும் குடியிருப்பு என்று இந்த வீட்டைச் சொல்ல முடியாது.

மார்ச் 22

பணம்தான் என்னை உறுத்துகிறது. சுமார் 4,000 பவுண்டு. எட்டு ஆண்டு வருமானம். அதைப் போட்டுக் கட்டியும் வீடு அவருடையதல்ல, பதவியுடையது. பதவி போனால் வீடும் போகும். அந்நாளில், போகும்போது பழுது இருந்தால், அடுத்து வருகிறவர் பழுதுபார்க்கும் செலவைக் கேட்டு வழக்குப் போட முடிந்தது. இறந்துவிட்டால் விதவையிடமே கேட்க முடிந்தது. குருமனைகள் பல கெட்டியாக நிற்பதற்குப் பக்தியைக் காட்டிலும் இந்தப் பயம் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1630இல் சால்ஸ்பரி அருகே பெமர்டனுக்குக் குருவாக வந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட்டும் வீட்டைச் சொந்தச் செலவில் எடுத்துக் கட்டினார். காசு செலவழிக்காமல் நல்ல வீடு கிடைத்த நீ ஏழைகளுக்கு நல்லவனாக இரு, என் உழைப்பு வீண்போகாது என்று அடுத்த குருவுக்குக் கணப்பின் மேல் எழுதிவைத்தார். மூன்றே ஆண்டில் இறந்துபோனார். பின்னாளில் அந்த வீட்டை வாங்கியவர் நம் விக்ரம் சேத்.

இருபதாம் நூற்றாண்டில் பராமரிக்கக் கட்டுப்படியாகாமல் திருச்சபை இப்படிப்பட்ட பெரிய வீடுகளை விற்றுத்தள்ளியது. குருவானவர் நாலு படுக்கையறை உள்ள புது வீட்டுக்குப் போனார். 'ஓல்ட் ரெக்டரி' (பழைய குருமனை) என்ற பெயர்ப்பலகை இன்று விலையை ஏற்றுகிறது. புழக்கத்துக்குக் கட்டியதைப் புகழுக்கு வாங்குகிறார்கள் என்று எரிச்சல் வரும். ஆனால் கூரை ஓடுகளை மாற்றவும் ஒழுகலை அடைக்கவும் அவர்களிடம்தானே பணம் இருக்கிறது.

மார்ச் 25

1829இல் ஸ்மித் சாமர்செட்டில் உள்ள கோம் ஃப்ளோரிக்கு மாறினார். பட்டது போதாதென்று அங்கேயும் குருமனையை இடித்துத் திருத்தினார். தோட்டத்தில் மான் இல்லையே என்று ஒரு சீமாட்டி குறைப்பட, கழுதைகளுக்குக் கொம்பு கட்டி உலவவிட்டார். அதையும் ஒரு நடை பார்த்துவரலாம். ரயில் டிக்கெட் விலைதான் யோசிக்கவைக்கிறது.