1944-இன் காகித பலூன்: பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி

மேல் அரைக்கோளம் ஒட்டி முடிந்து நன்றாகக் காய்ந்துவிட்டது. கீழ் அரைக்கோளம் இன்னும் தனித்தனி இதழ்களாக மேசையில் கிடக்கிறது. இந்த இடைவெளியில் இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன்.

1944-ஆம் ஆண்டு ஜப்பானுக்கு அடிமேல் அடி விழுந்த ஆண்டு. ஜூலையில் சைப்பான் தீவு வீழ்ந்தது, தோஜோ பிரதமர் பதவியிலிருந்து விலகினார். அக்டோபரில் லெய்ட்டே வளைகுடாவில் கடற்படை நொறுங்கியது. நவம்பர் 24 அன்று மரியானா தீவுகளிலிருந்து கிளம்பிய அமெரிக்கப் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவைத் தாக்கத் தொடங்கின. அதே நவம்பரின் 3-ஆம் தேதிதான் ஜப்பானின் கிழக்குக் கரையிலிருந்து குண்டு கட்டிய காகித பலூன்கள் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டன. அடுத்த ஏப்ரல் வரை சுமார் 9,300 பலூன்கள் பறக்கவிடப்பட்டன. படித்து மட்டும் அந்த எண்ணை என்னால் உள்வாங்க முடியவில்லை. ஒன்றையாவது கையால் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று இறங்கினேன்.

உண்மையான பலூனின் விட்டம் 10 மீட்டர். என் மாதிரி 1 மீட்டர். ஒவ்வொரு அரைக்கோளத்துக்கும் 16 இதழ்கள் என்று பிரித்தேன். ஓர் இதழின் நீளம் 78.5 செ.மீ., அடிப்பக்க அகலம் 19.6 செ.மீ., அதன் மேல் ஒட்டுவதற்கான விளிம்பு. அட்டையில் ஒரே ஓர் அச்சு வெட்டிக்கொண்டு அதை வைத்தே எல்லாவற்றையும் நறுக்கினேன். இதழின் பக்கங்கள் நேர்கோடுகள் அல்ல, மெல்ல வளைபவை. பாதி உயரத்தில் அகலம் 13.9 செ.மீ. இருக்க வேண்டும். அங்கே சில மில்லிமீட்டர் பிசகினாலும் கோளம் கூம்பாகிவிடும்.

காகிதம் வாஷி. காகித மல்பெரி மரத்தின் பட்டை நாரால் செய்யப்படுவது. வெளிச்சத்தில் பிடித்தால் நீள நீளமான நார்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். அந்த நீளம்தான் இதன் வலிமை. ஈரமான சாதாரணத் தாளை இழுத்தால் கையோடு வரும். இது ஈரத்திலும் தாங்குகிறது. ரப்பருக்கும் பட்டுக்கும் தட்டுப்பாடு இருந்த நாட்டில் காகிதம் தேர்வானதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்க்கக் கூடாது என்று இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. பல நூற்றாண்டுக் கைத்தொழில் அறிவு அதற்குள் இருந்தது.

பசைதான் இந்த வேலையின் உயிர். கொன்னியாக்கு என்னும் கிழங்கின் மாவில் காய்ச்சுவது. நம் சேனைக்கிழங்கும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் மாவு எடுத்து, தூவிக்கொண்டே கலக்கி ஊறவிட்டேன். முதலில் ஒன்றும் ஆகாததுபோல் இருந்து, பிறகு சோற்றுக் கஞ்சியைப் போலக் கெட்டிப்பட்டது. வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு குமிழியும் காய்ந்தபின் ஓர் ஊசித்துளை. ஹைட்ரஜன் நிரப்ப வேண்டிய உறைக்கு அது ஆகாது. ஆகவே மெதுவாகக் கலக்குவது, இரவு முழுவதும் அசையாமல் வைப்பது, காலையில் பூசுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். தாளோடு தாள் ஒட்டிய பிறகு சலவை சோடா கரைத்த நீரைத் தடவினால் பசை இறுகி, மறுபடி தண்ணீரில் கரையாததாகிவிடுகிறது. ஆனால் தாள் விறைத்து, மடித்தால் சடசடக்கிறது. கொஞ்சம் கிளிசரின் கலந்த நீர் பூசியதும் மறுபடி குழைந்தது; அன்றைய செய்முறையிலும் கிளிசரின் உண்டு.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பள்ளி மாணவிகள். 1944 ஆகஸ்டில் வந்த மாணவர் உழைப்பு ஆணைக்குப் பின் வகுப்பறைகள் வெறிச்சோடின. யமகுச்சி பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் கொக்குரா ஆயுதத் தொழிற்சாலையில் 12 மணி நேர முறையில் உழைத்தார்கள். தாள் கிழியாமலிருக்க நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், கொண்டை ஊசி கூடாது. சூடான பலகைகளில் தாளை அழுத்தி அழுத்தி விரல் ரேகையே தேய்ந்துபோனது என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் உண்டு. பசியில் பசையைத் தின்றவர்களும் உண்டு. அது உண்ணத்தக்க கிழங்குதானே. வசதியான அறையில், விரும்பும் நேரத்தில், வயிறு நிறைய உண்டுவிட்டு ஒட்டும் எனக்கே மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு பலூனின் மேற்பரப்பு 314 சதுர மீட்டர். நான்கு அடுக்கு என்று கொண்டால் 1,250 சதுர மீட்டருக்கு மேல் தாள். அதை 9,300 ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒட்டிய பலூன்களைக் காற்றடைத்துச் சோதிக்க டோக்கியோவின் ரியோகொகு சுமோ அரங்கம் போன்ற பெரிய கூடங்கள் தேவைப்பட்டன.

என் மாதிரி பறக்காது. கணக்கு அப்படி. விட்டம் பத்தில் ஒன்றானால் உறையின் பரப்பு நூறில் ஒன்றாகிறது, வாயு கொள்ளும் அளவோ ஆயிரத்தில் ஒன்றாகிறது. தூக்கும் திறனோடு ஒப்பிட்டால் உறையின் எடை பத்து மடங்கு கூடிவிடுகிறது. இந்தப் பலூன்கள் பறந்த பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், தூக்கும் திறனும் அந்த அளவே. அவ்வளவு பெரிய பலூன் ஏன் தேவைப்பட்டது என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் புரிந்தது.

அந்த உயரத்தில் ஜப்பானிலிருந்து கிழக்கே அமெரிக்காவை நோக்கி வீசும் கடுங்காற்றை 1920-களிலேயே தத்தெனோ வானாய்வுக் கூடத்தில் அளந்தவர் ஓயிஷி வசாபுரோ. உலகம் படிக்கட்டும் என்று 1926-இல் தம் அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். உலகம் படிக்கவில்லை. பின்னாளில் அந்தக் காற்றின் மேல்தான் குண்டுகள் ஏறின.

1945 மே 5 அன்று அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் பிளை என்ற ஊருக்கு அருகே காட்டில் கிடந்த ஒரு பலூனின் குண்டு வெடித்து, சுற்றுலா வந்திருந்த ஐந்து சிறுவர் சிறுமியரும் ஒரு கர்ப்பிணியும் இறந்தார்கள். பறக்கவிடுவது நின்று சில வாரங்கள் ஆகியிருந்தன. மாணவிகளாக இருந்து அந்தத் தாள்களை ஒட்டிய பெண்கள் சிலர், 1987-இல் ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்து அந்தக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். என் மாதிரியில் குண்டுகள் இருக்காது என்று முடிவு செய்திருக்கிறேன். இது உறையைப் பற்றிய மாதிரி, அதை ஒட்டிய கைகளைப் பற்றியது.

அடுத்த வேலை கீழ் அரைக்கோளம். பிறகு நடுக்கோட்டில் ஒரு பட்டை ஒட்டி, அதிலிருந்து 19 கயிறுகள். கீழே வளையத்தில் 32 சிறு மணல் பைகள். பலூன் தாழ்ந்தால் ஒவ்வொன்றாக உதிர்ந்து அதை மறுபடி மேலே ஏற்றியவை இவைதான். அமெரிக்க நிலவியலாளர்கள் கைக்குக் கிடைத்த பைகளின் மணலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதிலிருந்த நுண்ணுயிர் ஓடுகளை வைத்தே அது ஜப்பானின் எந்தக் கரையின் மணல் என்று தேடியவர்கள். அதனால் மணலைக் கடையில் வாங்கும் எண்ணமில்லை. கடற்கரை மணலையே சலித்து, கழுவாமல், ஓடுகளோடு நிரப்பப் போகிறேன்.