அறிமுகமானவர் எல்லோரும் வாடிக்கையாளர் அல்லர்

தொழில்முறைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் ஒருவரின் நட்பு அழைப்பை ஏற்ற சில நிமிடங்களிலேயே, ஒரு வணக்கம்கூட இல்லாமல், அவருடைய சேவைக்கான கட்டண விவரம் வந்து சேர்வதை இணைய விற்பனைத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி பார்த்திருப்பார்கள். இதை வெறும் அவசரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பழகுவதற்குக் கிடைத்த சம்மதத்தை விற்பதற்குக் கிடைத்த சம்மதமாக எடுத்துக்கொள்வது நம்பிக்கையை மீறும் செயல்.

இந்தப் பழக்கம் இணையத்தைவிட மூத்தது. 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்பாநெட்டின் பயனர்களின் முகவரிப் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 400 பேருக்குப் புதிய கணினிகளைப் பற்றிய விளம்பர மின்னஞ்சலை அனுப்பச் செய்தார். கண்டனங்கள் எழுந்தன, ஆனால் அதனால் நல்ல விற்பனை நடந்தது என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். 'பலன் கிடைக்கிறதே' என்று இன்றும் வாதிடுபவர்களுக்கு என் பதில் இதுதான்: அன்று அனுப்பியவர் ஒருவர், இன்று அனுப்பாதவர் அரிது. தினமும் 5,000 மின்னஞ்சல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர், ஸ்பேம் (வேண்டாத மின்னஞ்சல்) என்று வரும் புகார்களின் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் விதித்திருக்கிறது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர் புகார் செய்தாலே சிக்கல்தான்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் சேர்ப்பதும் இதே தவறுதான். தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதைப் பயனரே முடிவு செய்யும் வசதியை அந்நிறுவனம் 2019இல் கொண்டுவர நேர்ந்ததற்குக் காரணம் நம்மைப் போன்றவர்களின் ஆர்வக்கோளாறும்தான்.

நான் மிகவும் மதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. இருவரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்வதற்கு முன், எதற்காக என்பதை விளக்கி இருவரிடமும் தனித்தனியாக ஒப்புதல் கேட்பது. குறிப்பாக, உதவி செய்யும் இடத்தில் இருப்பவர் தயங்கினால், காரணம் கேட்காமல் அங்கேயே நிறுத்திக்கொள்வது. இப்படிக் கேட்பவரின் அடுத்த செய்தியை நான் உடனே திறந்து படிக்கிறேன்.

கமிஷன் கிடைக்கும் இணைப்பை நண்பருக்கு அனுப்பும்போது, அந்த விவரத்தை இணைப்புக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பதில் வராத செய்திக்கு ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், அவர் மறுத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.